டெல்லியில் பெரம்பலூருக்கு நாலு நிமிஷம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில், அடுத்த வாரம் பாராளுமன்றத்தில் என்னென்ன எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று சொன்னார்கள். இரண்டு மசோதாக்கள், ஓர் அறிக்கையின் மேல் விவாதம், நேரம் இருந்தால் இன்னொரு மசோதா. எனக்கும் அவற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் பென்சிலை எடுத்து வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, நீங்கதான் அங்க போய்ப் பேசப் போறீங்களா? ரேஷன் கடைக்கு என்னிக்குப் போவணும்னு மொதல்ல எழுதுங்க" என்றாள். அதையும் எழுதினேன். ஐந்தாவது இனமாக.

பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வாசனை உண்டு. சைக்ளோஸ்டைல் நகல் மசியின் வாசனை. கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் ஆமணக்கெண்ணெய், அதோடு தபால் பையின் கோணி வாசனையும் சேர்ந்துகொள்ளும். சுதந்திரம் வந்ததற்கு அடுத்த ஒன்றிரண்டு வருஷங்கள் அந்த வாசனை அரியலூரில் எங்கள் ஆபீசுக்கு வாரம் இரண்டு தடவை வந்தது. பழுப்பு உறையைப் பிரித்தால் உள்ளே டெல்லிச் சபையின் அலுவல் பட்டியல் இருக்கும்.

எங்கள் ஆபீஸ் என்றால் ஒரு வக்கீலுடைய ஆபீஸ். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அவரிடம் டைப் அடிப்பது, கட்டுகளை அடுக்குவது, வாய்தா தேதி குறிப்பது என் வேலைகள். சென்னைச் சட்டசபைக்காரர்கள் வக்கீலையாவைத் தேர்ந்தெடுத்து டெல்லிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஹோல்டால் படுக்கைச் சுருளும் கூஜாவுமாக ரயில் ஏறினார். ஆபீசில் மிஞ்சியவர்கள் நானும் ஒரு சுவர்க் கடிகாரமும். டெல்லியில் அவருக்குக் கிடைக்கும் காகிதங்களில் ஒரு பிரதியை எனக்கு அனுப்பிவைப்பார், நான் அவற்றைத் தேதிவாரியாகக் கோக்க வேண்டும்.

கோக்கச் சொன்னதை நான் படிக்கவும் செய்தேன். அதுதான் என் பிசகு. முதல் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை நீங்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். முதலில் கேள்வி நேரம், பிறகு மேஜைமேல் வைக்கப்படும் காகிதங்கள், பிறகு மசோதாக்கள். சர்க்காருக்கு இன்ன நாள்கள், தனி உறுப்பினர்களுக்கு இன்ன நாள். அந்த நாளிலும் யாருடையது முதலில் என்பதற்குக் குலுக்கல். நேற்று முடியாதது இன்று முதலில் வரும். இவ்வளவு பெரிய தேசத்தின் தலைவலிகளையெல்லாம் ஒரு முழுத்தாளில் எண் போட்டு அடுக்கியிருந்தார்கள். நான் மறுநாளே எங்கள் ஆபீசுக்கும் ஒரு பட்டியல் போட்டேன். ஒன்று: கடிகாரத்துக்குச் சாவி. இரண்டு: மசிக்கூடு நிரப்புதல். மூன்று: நேற்று முடியாத ஒட்டடை. மாடியில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "ஒட்டடைக்கு எதிர்க்கட்சி உண்டா?" என்று கேட்டார். அதைக்கூட அன்று டைரியில் எழுதியிருக்கிறேன்.

ஒரு சங்கடம் என்னவென்றால், டெல்லித் தபால் அரியலூர் வந்து சேர நாலு நாள் ஆகும். 'நாளைய அலுவல்கள்' என்று போட்ட காகிதம் என் கைக்கு வரும்போது அந்த நாளை போன வாரத்தில் போயிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் பெரம்பலூரிலிருந்து ரங்கசாமி ரெட்டியார் வந்தார். வெங்காய மண்டிக்காரர். பெரம்பலூருக்கு அன்றும் ரயில் கிடையாது. சின்ன வெங்காயத்தை வண்டிகளில் ஏற்றி, இருபது மைல் கடந்து அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுவருவார்கள். ராத்திரி கிளம்பினால் காலையில் வரும். வழியில் மழை பிடித்தால் வெங்காயம் வராது, அதன் நாற்றம் மட்டும் முன்னால் வரும். முந்தின ஐப்பசியில் ரெட்டியாரின் ஒன்பது வண்டிச் சரக்கு அப்படித்தான் போனது. அவர் ஊர் ஊராகப் போய், பூலாம்பாடி அரும்பாவூர் வரைக்கும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி ஒரு மகஜர் தயாரித்துக் கொண்டுவந்திருந்தார். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு ரயில் பாதை வேண்டும். வக்கீலையா அதைப் பற்றி டெல்லியில் ஒரு வார்த்தை பேச வேண்டும். ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், மற்றதைப் பெருமாள் பார்த்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு.

மகஜரை அனுப்பினேன். பதினைந்து நாளில் ஒரு கனத்த உறை வந்தது. ரயில்வே பட்ஜெட் விவாதத்துக்கு உறுப்பினர்கள் கொடுத்த தீர்மானங்களின் பட்டியல். அதில் முப்பத்தெட்டாவது எங்களுடையது. கூடவே, விவாதம் அடுத்த வாரம் மூன்று நாள் நடக்கும் என்று வக்கீலையா ஒரு வரி எழுதியிருந்தார்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கேள்வி நேரம் முடிந்து பதினோரு மணிக்கு விவாதம் தொடங்குகிறது. ஒன்றிலிருந்து இரண்டரை வரை சாப்பாடு. ஐந்துக்கு முடிகிறது. தீர்மானம் ஒன்றுக்குப் பதினைந்து நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், முப்பத்தெட்டு மூன்றாம் நாள் காலை பதினொன்றே காலுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் வர வேண்டும். சிவப்பு மசியால் அடிக்கோடு போட்டு ரெட்டியாருக்குக் கார்டு எழுதினேன். அவர் பெருமாள் கோவில் பட்டரிடம் சொல்லி, சரியாகப் பதினொன்றே காலுக்கு ஒரு திருமஞ்சனத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டார். முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவன் நான்.

இரண்டு நாள் கழித்து வக்கீலையாவிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பட்டியலில் உள்ள எண்ணுக்கும் பேசும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லையாம். தீர்மானங்களை வந்த வரிசையில் எண் போட்டு அச்சடித்துவிடுகிறார்கள். எதை எப்போது எடுப்பது என்பதைக் கட்சிக் கொறடாக்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். தன்னைப் போன்றவர்களுக்குக் கடைசி நாள் நாலு மணிக்கு மேல்தான் இடமாம். ஐந்து அடித்ததும், பேசியது பேசாதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டுக்கு விட்டு முடித்துவிடுவார்களாம். 'நாலே முக்காலுக்குள் என்னைக் கூப்பிட்டால் பெரம்பலூருக்கு அதிர்ஷ்டம். கூப்பிடாவிட்டால் அடுத்த வருஷம்தான்' என்று முடித்திருந்தார்.

பெருமாளுக்குத் தப்பு நேரம் சொல்லியிருக்கிறேன். காகிதங்களை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன்.

அந்த பஸ்ஸைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் காதர் பாய் கோபித்துக்கொள்வார். லப்பைக்குடிகாட்டுக்காரர், பஸ்ஸின் சொந்தக்காரரும் டிரைவரும் அவரேதான். பெட்ரோல் கட்டுப்பாட்டுக் காலத்தில் கரிவாயுவில் ஓட்டுவதற்காகப் பின்னால் பொருத்திய கரி அடுப்பை அவர் இன்னும் கழற்றவில்லை. குன்னத்தைத் தாண்டி ஒரு மேடு வரும். அங்கே ஆண்கள் இறங்கி நடக்க வேண்டும். அன்று என் பக்கத்தில் நடந்துகொண்டே, "ரயிலு வந்தா எம் பஸ்ஸப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும். அதுக்கு நாள் பாத்துக் குடுக்குறவரே எம் பஸ்ஸுல வர்றீங்க" என்றார். ஆனாலும் மகஜரில் முதல் பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. ரெட்டியாரும் அவரும் முப்பது வருஷ சிநேகம்.

மண்டியில் ரெட்டியார் நேரம் மாறிய விஷயத்தை அமைதியாகத்தான் எடுத்துக்கொண்டார். கொறடாக்கள் உட்கார்ந்து பேசுவது அவருக்கு நன்றாகவே புரிந்தது. பங்காளிகள் தண்ணீர் முறை பேசுவது மாதிரி என்றார். பட்டரிடம் ஆள் அனுப்பி, திருமஞ்சனத்தைச் சாயரட்சைக்கு மாற்றினார். பிறகு காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

"இந்த நூறு எதுக்கு தம்பி?"

வரிக்கு வரி தமிழில் சொன்னேன். ரயில்வே நிர்வாகத்துக்குக் கேட்கும் மானியத்தில் நூறு ரூபாய் குறைக்க வேண்டும். காரணம், அரியலூர்–பெரம்பலூர் பாதை. ரெட்டியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"கொறைக்கணுமா?"

"ஆமாங்க. அது ஒரு வழக்கமுங்க. வெட்டுத் தீர்மானம்னு பேரு."

"நாம ரயில் வுடுங்கன்னு கேக்கறோம். வக்கீலய்யா, இருக்குற காசுலயும் நூற வெட்டுங்கறாரு. சம்பந்தம் பேசப் போன வூட்டுல, ஒங்க சோத்துல உப்பில்லன்னா ஆரம்பிப்பாங்க?"

எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். குறையைச் சொல்கிறேன் என்றால் சபையில் நேரம் தர மாட்டார்கள். பணத்தைக் குறைக்கிறேன் என்றால்தான் எழுந்து பேச விடுவார்கள். பேசி, மந்திரி பதில் சொன்னதும் தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிடுவார்கள். ஒரு காசுகூடக் குறையாது. ரெட்டியார் பாதி நம்பியிருப்பார். அதற்குள், பஸ்ஸை நிறுத்திவிட்டு என்னோடு வந்திருந்த காதர் பாய் வெங்காய மூட்டைமேல் சாய்ந்தபடி, "நூறு ரூவாக்கு எத்தன அடி தண்டவாளம் வரும் தெரியுமா ரெட்டியாரே? அத்தன அடி கொறஞ்சுதுன்னா ரயிலு குன்னத்தோட நின்னுடும். அப்பறம் எம் பஸ்ஸுக்குத்தான் வரணும்" என்றார்.

அவ்வளவுதான். உடனே தந்தி எழுத வேண்டும் என்று ரெட்டியார் நின்றார். மண்டியில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர், "தப்பு நேரம் குறிச்சது நீங்க. நான் ஒரு வார்த்த கேட்டனா?" என்றார். எழுதினேன். 'பெரம்பலூர் வெங்காய வியாபாரிகள் நூறு ரூபாய் வெட்டை ஆட்சேபிக்கிறார்கள். பணம் முழுதும் இருக்கட்டும். ரயில் வேண்டும்.' வக்கீலையாவின் டெல்லி முகவரிக்கு என் கையாலேயே அனுப்பினேன். அன்று இரவு டைரியில், 'வேலை போகலாம்' என்று ஒரே வரி.

விவாதத்தின் மூன்றாம் நாள் மத்தியானமே ரெட்டியாரும் காதர் பாயும் அரியலூர் ஆபீசுக்கு வந்து கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்கள். டெல்லியில் நடப்பது இங்கே தெரியாது என்று அவர்களுக்கும் தெரியும். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்தக் கடிகாரம் இரண்டு நிமிஷம் முந்தி ஓடும். ஸ்டேஷனுக்குப் போய் நேரம் பார்த்து வந்து அதைச் சரிசெய்தேன். நாலு அடித்தது.

"இப்ப என்ன நடக்கும் தம்பி?"

"வேற யாராச்சும் பேசிக்கிட்டு இருப்பாங்க."

நாலே கால். நாலரை. நாலே முக்கால் ஆனதும் ரெட்டியார் எழுந்து நின்றார். அதைப் பார்த்து நானும் எழுந்தேன். காதர் பாய் மட்டும் உட்கார்ந்தபடி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். தன் பஸ்ஸை ஒழிக்கப் போகும் ரயிலுக்காகத்தான் ஓதினார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஐந்து அடித்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"நம்மளுது வந்துச்சா?"

"தெரியலீங்க."

மறுநாள் பதினொன்று நாற்பதுக்குத் தந்தி வந்தது. நாலு நிமிஷம் பேசினேன், உங்கள் தந்தியைப் படித்தேன், சபை சிரித்தது, வாபஸ். விவரம் நாலு நாள் கழித்துக் கடிதத்தில் வந்தது. கடைசி நாள் நாலு மணிவரை வக்கீலையாவின் பெயர் கொறடாவின் சீட்டிலேயே இல்லையாம். மனம் நொந்துபோய், நம் ஊர்க்காரர்களைப் பாருங்கள் என்று எங்கள் தந்தியைக் கொறடாவிடம் நீட்டியிருக்கிறார். கொறடா படித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்து, பென்சிலால் ஒரு பெயரை அடித்து இவர் பெயரை எழுதினாராம். நாலு நாற்பத்தொன்பதுக்குக் கூப்பிட்டார்கள். வக்கீலையா மகஜரைச் சொல்லி, வெங்காயம் அழுகுவதைச் சொல்லி, கடைசியில் தந்தியைப் படித்தார். மந்திரி எழுந்து, தன் நூறு ரூபாயைக் காப்பாற்ற நினைத்தவர்கள் இந்தத் தேசத்திலேயே பெரம்பலூர்க்காரர்கள்தான் என்றும், பாதையைப் பற்றிக் கட்டாயம் விசாரிப்பதாகவும் சொன்னார்.

கடிதத்தை ரெட்டியாருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நாம தந்தி குடுத்ததுலதான வாபஸ் வாங்குனாரு?"

வழக்கம் என்று மறுபடியும் ஆரம்பிக்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்றேன். அன்றைய டைரியில் 'பொய்: ஒன்று' என்று குறித்து, பக்கத்திலேயே 'பாதி' என்றும் எழுதியிருக்கிறேன்.

விசாரிப்பதாக மந்திரி சொன்ன அந்த வார்த்தையை ரெட்டியார் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அரியலூர் ரோட்டை ஒட்டி அவருக்கு ஒரு மேட்டுக்காடு இருந்தது. ஸ்டேஷன் கட்ட அதுதான் தோது என்று அதில் விதைப்பதை நிறுத்திவிட்டார். வருஷா வருஷம் பட்ஜெட் மாதத்தில் முள் வெட்டிச் சுத்தமாக வைப்பார். ஊரார் கேலியாக அதை டேசன் காடு என்றார்கள். காதர் பாய் அங்கே பஸ்ஸை நிறுத்தி, "டேசன் காடு, ரயிலுக்குப் போறவங்க எறங்கிக்கங்க" என்று குரல் கொடுப்பார். முதலில் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு நாலு பேர் நிஜமாகவே இறங்க ஆரம்பித்தார்கள். அது ஒரு நிறுத்தமாகவே ஆகிவிட்டது, டிக்கெட்டில் அச்சாகும் அளவுக்கு. பாதை வரவில்லை. வக்கீலையாவின் பதவிக்காலம் முடிந்தது. ரெட்டியாருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் காட்டை உழுதார்கள், அப்புறம் மனை போட்டு விற்றார்கள். அதற்குப் பிறகும் பஸ் அங்கே நின்றது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அரியலூரிலிருந்து அந்த ரோட்டில் போனேன். டேசன் காடு ஒன்று என்று சில்லறையை நீட்டினேன். கண்டக்டருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அப்படி ஒரு ஸ்டாப் இல்லீங்களே சார். பெரம்பலூர்ல ஏதுங்க டேசன்?" என்றார், மரியாதையாகத்தான். பெரம்பலூருக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். மச்சு வீடுகள், ஒரு சைக்கிள் கடை, துணி உலரும் ஒரு கொடி. பதினொன்று பத்துக்கு அந்த இடத்தைத் தாண்டினோம். பஸ் நிற்கவில்லை.