பிடுங்கிய பிளக்குகள்

வேப்பந்தட்டைப் பக்கம் இடி முழங்கினால் மற்றவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். பரிமளா வீட்டைப் பார்த்து ஓடுவாள். வெங்காயத்துக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாலும் சரி, தூக்குவாளியைத் திறந்து முதல் வாய்ச் சோற்றை எடுத்திருந்தாலும் சரி, ஓட்டம்தான். "போறா பாரு, டிவிக்குக் கொடை புடிக்க" என்று கூட வேலை செய்யும் பொன்னாயி சிரிப்பாள்.

அந்த டிவி பரிமளாவின் புருஷன் குழந்தைவேலுடையது. சிங்கப்பூரில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டிச் சம்பாதித்த காசு. போன முறை வந்தபோது பெரம்பலூர் டவுனில் சுவரை அடைக்கிற டிவியும், அதற்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கி, ஸ்டெபிலைசரும் மாட்டினான். லீவு முடியும்வரை ஆசை தீரப் படம் பார்த்தான். அவன் கிளம்பியதும் காவல் இவள் தலையில் விழுந்தது.

ஊர்க் கரண்ட் சொன்ன பேச்சுக் கேட்காது. வயல்காட்டு மோட்டார்கள் ஓடினால் பல்பு மங்கும், எல்லாம் ஒன்றாக நின்றால் கண்ணைப் பறிக்கும். பகலெல்லாம் சீரியல் பார்க்கும் மாமியாரோ ஷாக்குக்குப் பயந்து பிளக்கைத் தொடவே மாட்டாள். ஆக, பரிமளாதான் ஓட வேண்டும். சாயங்காலம் போன் வந்தால் முதல் கேள்வி, "பிளக்கப் பிடுங்கிட்டியா?" வாயால் சொன்னால் போதாது, வீடியோவில் காட்ட வேண்டும். டிவி பிளக், ஸ்பீக்கர் பிளக், ஸ்டெபிலைசர் பிளக் என்று கைக்குழந்தையைக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். தன் முகம் அதில் தெரிந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அழலாமென்று தோன்றும். அதற்கும் அலுப்பாக இருக்கும்.

ஒருநாள் அவன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடியிலிருந்து இறங்கும் டிஷ் ஒயரையும் கழற்றப் போனாள். "அதத் தொடாத! அப்பறம் படம் வராது" என்று சிங்கப்பூரிலிருந்தே அதட்டினான். விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். சோற்றை விட்டுவிட்டு ஓடிவந்து மூன்று பிளக்கையும் பிடுங்கி நாற்காலியில் போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அப்போது பார்த்து மாடிமேல் இடி விழுந்தது. டிவிக்குள் பளிச்சென்று ஏதோ வெடித்துக் கருகல் நாற்றம் அடித்தது. பெரம்பலூரிலிருந்து வந்த மெக்கானிக் அய்யம்பெருமாள் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். "டிஷ் ஒயரு வழியா எறங்கியிருக்கு தங்கச்சி. அதோட கோத்திருந்ததால ஸ்பீக்கரும் போச்சு. வாசலப் பூட்டிட்டுக் கொல்லையத் தொறந்து போட்ட கதையால்ல இருக்கு!"

அன்று போனில் அதை அப்படியே சொன்னாள்.

"ஸ்பீக்கருமா?" என்றான் குழந்தைவேல். பிறகு அவனாகவே, "அந்த ஒயரத் தொடாதன்னது நாந்தான்ல" என்றான்.

"ஆமாங்க."

அதற்குமேல் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. அவன் போனை வைத்தவன், அப்புறம் பல நாள் கூப்பிடவில்லை. டிவியோடு நானும் போய்விட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அடுத்த மழைக்கு எல்லாரும் மோட்டார் கொட்டகையில் ஒதுங்கி வாளியைத் திறந்தார்கள். இடி முழங்கியதும் பரிமளாவின் கால்கள் தாமாக எழுந்து ஓடின.

"ஏய், எங்கடி ஓடுற? அங்கதான் ஒண்ணும் இல்லயே!" என்று பொன்னாயி கத்தினாள்.

பரிமளா நனைந்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தாள். பொன்னாயி சிரிக்கவில்லை. தன் வாளியிலிருந்து ஒரு கை துவையலை எடுத்து அவள் சோற்றில் வைத்தாள். பரிமளா வாளி காலியாகும்வரை சாப்பிட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது. "அங்க இடி மழையாம்ல? பிளக்க..." என்று ஆரம்பித்துவிட்டுக் குழந்தைவேல் நிறுத்திக்கொண்டான். காட்ட எதுவும் இல்லாமல் அவள் போனைத் தன் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எளச்சிட்டியே பரிமளா. சாப்பிட்டியா?"

"மத்தியானம் நல்லா சாப்பிட்டேங்க."

"என்ன கொழம்பு?"

சொல்ல வாயெடுத்தாள். அழுகை முந்திக்கொண்டது.