வெர்னா விழுங்கிய சொல்

எங்கள் பாட்டுக்குழுவில் சேர ஒரே தகுதி, புதன்கிழமை சாயங்காலம் வந்து உட்காருவது. பாடத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பியிருப்போம். ஆண்கள் பக்கம் உச்சக்குரலுக்கு ஆள் பஞ்சம் என்று, கட்டைத்தொண்டைக்காரியான என்னைப் பிடித்து அந்த வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் பக்கத்து இடத்துக்காரி வெர்னா ஹாக்லண்ட்.

வெர்னா பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவள். அமெரிக்காவில் எங்கள் டுலூத் நகருக்கு வடக்கே ஏரிக்கரைச் சாலையில், ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நேரத்தில், எஞ்சின் சத்தத்துக்கு மேலே பாடிக்கொண்டே போவாளாம். அப்படி முற்றிய குரல் அது. இனிமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சுருதி தப்பாது.

எங்கள் குழு யூனிடேரியன் சபையைச் சேர்ந்தது. அங்கே கடவுள் உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். சண்டையெல்லாம் பாட்டில் வரும் சொற்களோடுதான். ஒருமுறை 'அரசன்' என்ற ஒற்றைச் சொல்லுக்காக ஒரு மாதம் கூட்டம் போட்டார்கள். பாட்டு நடத்தும் டெஸ்மண்ட் அலுத்துப்போய் ஒரு வழி சொன்னார். மனசுக்கு ஒவ்வாத சொல் வந்தால் வாயை மூடிக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவர் பாடிவிடுவார். அன்றிலிருந்து நிம்மதி. பக்திமான் ஃபிராங்க்ளின் 'பூமித்தாய்' வந்தால் கூரையைப் பார்ப்பார். எனக்குப் 'பாவி' ஆகாது. வெர்னாவுக்குக் 'கர்த்தர்' ஆகாது.

அவள் அந்தச் சொல்லை விழுங்குவதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். லாரிக் கதவைச் சாத்துவதுபோல் தாடையைச் சாத்துவாள். லூத்தரன் சபையில் வளர்ந்தவள். பதினாலு வயதில் பாதிரியாரிடம் ஏதோ கேள்வி கேட்டாளாம், அவர் அப்புறம் வா என்றாராம். இவள் போகவே இல்லை. அவ்வளவு அழுத்தக்காரி.

தங்கை ஆர்லிஸ் மட்டும் அங்கேயே இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அவரவர் கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வம்பிழுப்பார்கள்.

"ஒங்க சபையில கும்புடுறதுக்குன்னு இருக்குறதே அந்தக் காபி டிரம் ஒண்ணுதான்" என்பாள் ஆர்லிஸ்.

"அது கூப்புட்டா ஊத்துதுல்ல" என்பாள் இவள்.

இலையுதிர்காலத்தில் ஆர்லிஸ் படுத்தாள். கணையத்தில் புற்றுநோய். வைத்தியர்களே கையை விரித்துவிட்டார்கள். ஒரு நாள் நானும் வெர்னாவும் காட்டரிசி சூப் கொண்டுபோயிருந்தோம். நாலு கரண்டி குடித்துவிட்டுத் தன் அடக்கத்துக்கு எங்கள் குழுதான் பாட வேண்டும் என்றாள் ஆர்லிஸ். அவளுடைய சபையில் பாட மிஞ்சியிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களிலும் பாதிப் பேருக்குக் காது கேட்காது. பாட்டையும் அவளே சொன்னாள். அவர்கள் அம்மா பாத்திரம் கழுவும்போது பாடுவது.

"அதுல ரெண்டு எடத்துல கர்த்தர் வருவாரு. நீ வாயத் தொறக்கணும், வெர்னா."

"பாப்போம்."

"நீ பாப்போம்னா மாட்டேன்னு அர்த்தம். ஒன்னய எனக்குத் தெரியாதா?"

வெர்னா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

முதல் பனி விழுந்த வாரம் ஆர்லிஸ் போய்விட்டாள். அடக்க ஏற்பாட்டுக்கு அலைந்ததில் வெர்னா அந்தப் புதன்கிழமை ஒத்திகைக்கு வரவில்லை. 'கர்த்தர்' என்ற இடத்தில் 'அன்பு' என்று மாற்றிவிடலாமா என்று டெஸ்மண்ட் போனில் கேட்டாராம். எழுதியிருப்பதை அப்படியே பாடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அடக்கத்துக்கு அவளை என் காரில் அழைத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் வாயைத் திறந்தாள்.

"நம்பாம பாடினா அவளுக்குத் தெரிஞ்சுபோயிடும்டி."

"செத்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீதான சொல்லுவ?"

"என் கணக்குப்படி தெரியாது. அவ கணக்குப்படி தெரியும். இன்னிக்கு அவ நாளு."

பாடுவாளா மாட்டாளா என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

லூத்தரன் கோயில் நிரம்பி வழிந்தது. பாட ஆரம்பித்தோம். முதல் 'கர்த்தர்' நெருங்க நெருங்க எனக்கு ஒரே யோசனை. தங்கையைப் பறிகொடுத்து நிற்கிறாள், அவள் காதோரத்தில் அந்தச் சொல்லைப் போய்க் கத்துவானேன்? மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அதே நல்லெண்ணம் எல்லோருக்கும் வந்திருக்கிறது. யாரும் யாரிடமும் கலந்து பேசவில்லை. ஃபிராங்க்ளின்கூட, வாழ்நாளெல்லாம் கர்த்தரை நம்பிய மனுஷர், வாயை மூடிக்கொண்டார். டெஸ்மண்டின் கை அந்தரத்தில் நின்றது.

அந்த ஓட்டைக்குள் ஒரே ஒரு குரல் எழுந்தது. லாரி ஓட்டிய குரல். கரகரவென்று, சுருதி பிசகாமல், அந்தச் சொல்லை முழுசாகப் பாடி முடித்தது.

வெர்னா திரும்பி எங்களைப் பார்த்தாள். 'எங்கே போய்த் தொலைந்தீர்கள்' என்கிற பார்வை. எனக்கு மானமே போய்விட்டது. மறுபடி சேர்ந்துகொண்டோம். அவள் தோள் என் தோளில் இடித்து நடுங்குவது தெரிந்தது. அடுத்த 'கர்த்தர்' வந்தது. அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

நாங்கள் பாடினோம். உண்டு என்பவர், இல்லை என்பவர், தெரியாது என்பவர், அத்தனை பேரும் கண்ணாடி ஜன்னல் அதிரப் பாடினோம். அப்படி ஒரு சத்தம் எங்கள் குழுவிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடக்கம் முடிந்து கீழ்த்தளத்தில் பன்றியிறைச்சி பன்னும் காபியும் கொடுத்தார்கள். பரிமாறிய அம்மாள் ஒருத்தி வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த எடத்துல தனிக்குரல் வச்சது நல்ல ஏற்பாடுங்க" என்றாள்.

"ஏற்பாடெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் வெர்னா. "என் தங்கச்சி கேட்டா."