தண்ணீர் சைக்கிள்

கோகிலாம்பாளுக்குப் புருசன்மேல் எரிச்சல் வருவது ஒன்றும் புதிதில்லை. ஆனால் நார்வே தேசத்தில், கப்பலை விட்டு இறங்கி ரயிலடிக்குப் போய்ச் சேருவதற்குள் வந்தது அவளுக்கே சற்று அதிகமாகத்தான் பட்டது.

காரணம், சின்னத்துரை கையில் இருந்த மஞ்சள் பை. நடக்க நடக்க அது கடகடவென்று சத்தம் போட்டது.

"அதுக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல. காலி பாட்டிலு."

"காலி பாட்டிலு எதுக்குங்கேன்?"

"கப்பல்ல தூரப் போட வச்சிருந்தாக. நல்ல பாட்டிலு. போற எடத்துல தண்ணி கிண்ணி கெடச்சா?"

கோகிலாம்பாள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மலை. நடுவே கடல், வாய்க்கால் வெட்டிவிட்டதுபோல் நீளமாக உள்ளே வந்து கிடந்தது. மலையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் அருவி. இந்த ஊரில் தண்ணீர் கிடைத்தால் பிடித்துக்கொள்ள ஒருவர் பை கொண்டுவந்திருக்கிறார்!

சின்னத்துரைக்கு அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை. மகள் தீபலட்சுமி கல்யாணமாகி லண்டனில் இருந்தாள். தொண்ணூற்றேழில் அவளுடைய பேறுகாலத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். ஊர் திரும்புமுன் ஒரு கப்பல் பயணம் என்று மருமகன்தான் ஏற்பாடு செய்தார். அன்று கப்பல் சாயங்காலம்வரை அங்கே நிற்கும். மருமகன் குழந்தையோடு கப்பலிலேயே இருந்துகொள்ள, மற்ற மூவரும் இறங்கினார்கள். குட்டி ரயிலில் மலை உச்சிக்குப் போவது, செங்குத்தான வளைவுகளில் நடந்து இறங்குவது, பிறகு சைக்கிளில் துறைமுகத்துக்கு வருவது. இது கோகிலாம்பாளே கேட்டு வாங்கிய திட்டம். அந்தப் பயணத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கப்பலின் அறிவிப்புப் பலகையில் ஒரு படம் இருந்தது. ஒரு பெண் பெடலிலிருந்து கால்களைத் தூக்கிக்கொண்டு சரிவில் சைக்கிளில் இறங்குகிற படம். அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "இதுல நான் போணும்" என்று மகளிடம் சொல்லியிருந்தாள்.

அவள் பிறந்தது பரளச்சி. பத்து வயதில் அப்பாவின் சைக்கிளில் பாருக்கு அடியே காலை விட்டு ஓட்டிப் பழகினாள். கண்மாய்க் கரை முழுக்க அவள் விழுந்த இடங்கள்தான். பெரியவளானதும் சைக்கிள் தம்பி கைக்குப் போயிற்று. பத்தொன்பதில் கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தால், அந்த வீட்டிலும் ஒரு சைக்கிள் நின்றது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று குடம் தொங்க கொக்கி அடித்த சைக்கிள். குழாயில் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. எந்தத் தெருவில் வருகிறது என்று சேதி வந்ததோ அந்தத் தெருவுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். போகும்போது காலிக் குடம், வரும்போது நிறைகுடம். இருபத்துச் சொச்ச வருசம் அவள் தள்ளிய தூரத்துக்குக் காசிக்கே போய்த் திரும்பியிருக்கலாம். அதில் ஒருநாள்கூட அவள் ஏறி உட்கார்ந்ததில்லை. ஒருமுறை காலிக் குடத்தோடு ஏறப் போனபோது, "கடைக்கு வாரவன் என்ன நெனப்பான்?" என்றார் சின்னத்துரை. அத்தோடு சரி.

ரயில் பாதி மலையில் ஒரு பெரிய அருவியின் முன்னால் நின்றது. எல்லோரும் படம் எடுக்க இறங்கினார்கள். சின்னத்துரை பாட்டிலோடு இறங்கினார். கம்பித் தடுப்புக்கு மேல் எக்கி, கையை எட்டுமட்டும் நீட்டி, முகமெல்லாம் சாரல் அடிக்க நின்றார். ரயில் ஊதிவிட்டது.

"அப்பா! ஏறுங்கப்பா!"

"பொறு, கால்வாசி நெறஞ்சிருச்சு."

தீபலட்சுமி ஓடிப்போய் அவரை இழுத்துவந்தாள். பக்கத்து இருக்கை வெள்ளைக்காரக் கிழவி சிரித்தாள். கோகிலாம்பாள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'கடையில ஆளுக எடை போடுறப்ப மட்டும் இந்த மனுசனுக்கு அவசரம்' என்று மனதுக்குள் வைதாள்.

உச்சியில் தாய்க்கும் மகளுக்கும் வாடகைச் சைக்கிள் எடுத்தார்கள். சின்னத்துரை வேண்டாம் என்றுவிட்டார், முட்டு வலி; நடக்கலாம், மிதிக்கத்தான் முடியாது. நடு வழியில் ஒரு ஸ்டேசன் இருக்கிறது, அதுவரை நடந்துவந்து அங்கே ரயில் பிடித்துக்கொள்வது என்று பேச்சு.

வளைவுகள் செங்குத்தாக இருந்தன. வாடகைக்குக் கொடுத்த பெண்ணே, இங்கே ஏறாதீர்கள், தள்ளிக்கொண்டே போங்கள் என்று சைகை காட்டினாள். அது சின்னத்துரைக்கு வசதியாகப் போயிற்று. பாதையோரம் பாறைக்குப் பாறை தண்ணீர் வழிந்தது. ஒவ்வொன்றுக்கும் குனிந்தார், குடித்துப் பார்த்தார், பிடித்தார்.

"மொதல்ல பிடிச்சத விட இது ருசி. கல்கண்டு கணக்கா இருக்கு."

"பேசாம வாங்க, கப்பலு போயிரும்."

"கொஞ்சம் பிடி" என்று நிறைந்த பாட்டில்களை இரண்டு பங்காக்கிக் கட்டி, அவள் சைக்கிள் கைப்பிடியின் இரு பக்கமும் தொங்கவிட்டார். "ஒரு பக்கம் மட்டும் போட்டா சாஞ்சிரும்."

அவள் அப்படியே தள்ளினாள்.

வளைவுகள் முடிந்து பாதை தணிவாக, ஆற்றை ஒட்டிப் போக ஆரம்பித்தது. தீபலட்சுமி ஏறிச் சிட்டாகப் பறந்தாள். சற்றுத் தூரம் போய்த் திரும்பி வந்தாள்.

"ஏம்மா இன்னும் தள்ளிக்கிட்டே வார?"

"இந்தா, அந்தத் திருப்பம் தாண்டட்டும்."

திருப்பம் தாண்டியது. இன்னொரு திருப்பமும் தாண்டியது. ஸ்டேசனே வந்துவிட்டது.

"அம்மா, ஏறப் போறியா இல்லியா? இதுக்குத்தான இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

அப்போதுதான் கோகிலாம்பாள் தன்னையே பார்த்தாள். இடக்கை கைப்பிடியில், வலக்கை சீட்டில், வண்டியின் பாரம் இடுப்பில். குழாயடியிலிருந்து வருகிற அதே நடை. சாய்ந்தால் சிந்திவிடும் என்று பார்வைகூட மேட்டிலும் பள்ளத்திலுமே இருந்தது. அருவி எதுவும் கண்ணில் பட்டிருக்கவில்லை. அவர் தொங்கவிட்டார், சரி. இவள் ஏன் தள்ளினாள்? எரிச்சல் இப்போது தன்மேலேயே திரும்பியது.

"சைக்கிளயும் ரயில்ல ஏத்தலாமாம். அந்த ரயில்காரரு கையக் காட்டுறாரு" என்று கூப்பிட்டார் சின்னத்துரை. "நீயும் வந்துரு கோகிலா. தண்ணியோட எப்பிடி ஓட்டுவ?"

அவள் ஒரு பாட்டிலின் மூடியைத் திறந்தாள். ஆற்றுப் பக்கம் போய்ச் சாய்த்தாள். பாட்டில் சாய்ந்தது, கை அதற்குமேல் சாயவில்லை. தரையில் சிந்திய தண்ணீரைத் துணியில் ஒற்றிப் பிழிந்து துளசிக்கு ஊற்றுகிற வீட்டில் வாழ்ந்த கை. காலடியில் ஆறே ஓடுகிறது, ஆனாலும் கொட்ட வரவில்லை. "சனியன்" என்று மூடியைத் திருகினாள். எதைச் சொன்னாள் என்று தீபலட்சுமிக்கு விளங்கவில்லை.

திரும்பி வந்து கட்டுகளை அவிழ்த்தாள். ஒன்றைச் சின்னத்துரையின் வலத் தோளிலும் மற்றொன்றை இடத் தோளிலும் மாட்டினாள்.

"ஏய், என்ன இது?"

"ஒரு பக்கம் மட்டும் போட்டா சாஞ்சிருவீக."

முந்தானையை இழுத்துச் செருகினாள். கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் சொருகி, ஸ்வெட்டரைக் கீழே இறக்கிவிட்டாள். ஏறினாள். சைக்கிள் வலப்பக்கம் ஓடி வேலியில் முட்டியது.

"விழுந்து தொலைக்கப் போற! வேணாம்டி!"

"ஒங்க தண்ணியப் பாருங்க நீங்க!"

இரண்டாம் தடவை ஏறினாள். வண்டி நெளிந்தது, நிமிர்ந்தது. பாரமே இல்லாத கைப்பிடி அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. பிறகு சரிவு வண்டியை வாங்கிக்கொண்டது. காதில் குளிர்காற்று, கண்ணில் நீர். எதிரே வந்த ஆடுகளை மணியடித்து விரட்டினாள். பின்னால் தீபலட்சுமி, "அம்மா, பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறிக்கொண்டே வந்தாள். ஒரு நீண்ட சரிவில், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, இரண்டு காலையும் தூக்கினாள்.

துறைமுகத்தில் சின்னத்துரை முன்னமே வந்து, கப்பலடியில் பெஞ்சில் பாட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ரயிலில் பக்கத்தில் இருந்தவனிடம் ஒரு பாட்டில் கொடுத்தாராம், அவன் வாங்கவில்லையாம். அந்த வருத்தம் முகத்தில் இருந்தது. கோகிலாம்பாள் மூச்சு வாங்க வந்து பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். முழங்காலில் ஒரு சிராய்ப்பு. தலை கலைந்து கிடந்தது.

"எப்பிடி இருந்துச்சு?" என்றார்.

அவளுக்குத் தொண்டை வறண்டிருந்தது. கையை மட்டும் நீட்டினாள். அவர் ஒரு பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவள் அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

எதிரே கடல். பின்னால் மூன்று அருவிகள்.

"மெல்ல, மெல்ல" என்றார் சின்னத்துரை. "ஒரேயடியாக் குடிச்சுத் தீத்துராத."