குவாபாரிப் புல்லுக்குள் யாரும் போவதில்லை

மைனாவ்ஸ்ரியின் புருஷன் கர்கேஸ்வரைக் காட்டுக்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போனது நெல் அறுப்புக் காலத்தில். அவன் வனத்துறைப் படகுக்காரன். பேக்கி ஆற்றில் வனக் காவலர்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோய் விடுவதுதான் வேலை. சாப்பிட்டுக் கொண்டிருந்தவனை மூன்று பேர் வாசலில் நின்று கூப்பிட்டார்கள். துப்பாக்கியைப் போர்வைக்குள் வைத்திருந்தார்கள்.

"தலைவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணுமாம். கை கழுவிட்டு வாங்க அண்ணே."

அவன் கை கழுவிவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். அவள் மீதிச் சோற்றை மூடி வைத்தாள். மறுநாள் அதை எடுத்துப் பன்றிக்குப் போட்டாள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எவரும் ஒரு சொல் கொண்டுவரவில்லை.

தனி மாநிலம் கேட்டு எங்கள் பையன்கள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போன அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் எல்லா ஊர்களிலும் இதுதான் கதை. வனத்துறை முகாம்கள் எரிந்தன. காவலர்கள் உயிருக்குப் பயந்து ஓடிப்போனார்கள். காட்டில் காண்டாமிருகம் முதலில் தீர்ந்தது, அதன் கொம்புக்காக. பிறகு மான். மறைந்திருந்தவர்களுக்கும் இறைச்சி வேண்டும், அவர்களைத் தேடி வந்தவர்களுக்கும் வேண்டும், கடையடைப்பில் அரிசி வராத ஊருக்கும் வேண்டும். பன்றிமான் கூட்டமாக நிற்காது. ஆபத்து என்றால் தலையைத் தாழ்த்திப் பன்றி போலப் புல்லுக்குள் புகுந்து ஓடும். அப்படி ஓடும் ஜாதியையே தேடித்தேடித் தின்று தீர்த்தோம். கடைசிக் கடைசியில், விடியற்காலையில் அதன் கனைப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியவில்லை.

கர்கேஸ்வரின் தம்பி நோபின், அண்ணனுக்குக் கருமாதி செய்துவிடலாம் என்று வருஷா வருஷம் சொல்லிப் பார்த்தான். புல்லில் உருவம் செய்து கொளுத்தினால் போதும், ஊரில் பல வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள்.

"புல்லைக் கொளுத்துறதுக்கு நான் எதுக்கு அழணும்? அடுப்புல தெனமும் கொளுத்துறேன்," என்றாள் மைனாவ்ஸ்ரி.

அதனால் அவள் விதவையும் இல்லை, புருஷன் உள்ளவளும் இல்லை. கல்யாண வீடுகளில் வெற்றிலை பாக்குப் பரிமாற அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று பெண்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பிறகு கூப்பிடுவதையே விட்டார்கள்.

அரசாங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, காட்டிலிருந்தவர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு முகாம்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மீந்த விலங்குகளைக் காக்கவும், ஆண்டுதோறும் கணக்கெடுக்கவும் ஊர் ஆட்களை எடுத்தார்கள். காட்டைத் தெரிந்தவர்கள் வேண்டும் என்றால் யார் வருவார்கள்? காட்டில் இருந்தவர்கள்தான் வந்தார்கள். நான் யானைக்குத் தீனி அறுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மைனாவ்ஸ்ரி சமையலுக்கு வந்தாள். ஒரு மாதத்தில் கரண்டியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, கணக்கெடுக்கும் கோஷ்டியோடு நடக்கத் தொடங்கினாள்.

"உனக்கு எதுக்குக்கா இந்த வெயிலும் அட்டையும்?" என்று கேட்டேன்.

"அவர் காட்டுக்குள்ள தானடா போனாரு, துவிமு. நானும் கொஞ்சம் உள்ள போய்ப் பாத்துட்டு வரேனே."

அவளுக்குத் துணையாக நடந்தவன் லாவ்ரும். அவனும் காட்டிலிருந்து திரும்பியவன், ஆற்றுக்கு மேற்கே உள்ள ஊர்க்காரன். ஒல்லியாக இருப்பான், வாய் மட்டும் ஓயாது. புது முளைக்காக வருஷா வருஷம் நாங்கள் புல்லுக்குத் தீ வைப்போம்; அந்தக் கரியில் இருவரும் ஒரு கயிற்றின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு, அடையாளக் குச்சி ஊன்றி ஊன்றி நேராக நடப்பார்கள். கயிற்றின் இரு பக்கமும் மான் புழுக்கை, குளம்படி, படுத்த தடம் எது தென்பட்டாலும் குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய தண்ணீர்ப் பையையும் அவனே சுமந்தான். அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டான்.

"அண்ணி, சின்ன வயசுல பாசிமணி பொறுக்கினீங்க. இப்ப மான் புழுக்கை பொறுக்குறீங்க. தலையெழுத்தப் பாருங்க."

"நாள் பூரா உன் மூஞ்சியப் பாக்குறதுக்குப் புழுக்கை எவ்வளவோ தேவலாம். குனிஞ்சு நட."

மதியம் அவள் கொண்டுவரும் கருவாட்டுத் துவையலில் பாதி அவனுக்குத்தான். அதை நாங்கள் கேலி செய்வோம். அவள் பொருட்படுத்த மாட்டாள். அவன் எங்கிருந்து திரும்பியவன் என்பது அவளுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் காட்டுக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஒவ்வொருவனிடமும் போய் நீயா என்று கேட்க முடியாது.

ஆற்றுவளைவுக்கு அருகே குவாபாரி என்று ஒரு புல்வெளி உண்டு. அங்கே மட்டும் எந்தக் கோஷ்டியும் போகாது. முதல் வருஷமே லாவ்ரும் ரேஞ்சரிடம் சொல்லிவிட்டான்.

"அங்க வெடி புதைச்சிருக்கு சார். எங்க ஆளுங்க புதைச்சதுதான். எங்கெங்கன்னு இப்ப எனக்கே நெனப்பில்ல."

அவ்வளவுதான். மூங்கிலில் சிவப்புத் துணி கட்டி நட்டார்கள். மாடு மேய்ப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கூரைக்குப் புல் அறுக்கிறவர்கள் சுற்றிப் போனார்கள். தீ வைக்கும் காலத்தில் எங்கள் தீயும் ஓரத்திலேயே நின்றது. சில வருஷங்களில் அங்கே யானை நின்றால் தெரியாத அளவுக்குப் புல் வளர்ந்தது.

மான் கூடிக்கொண்டிருந்ததும் அங்கேதான். சுற்றியுள்ள வெளிகளில் நாங்கள் பார்த்த தடங்களில் பெரும்பாலானவை குவாபாரியிலிருந்து வெளியே வந்து, குவாபாரிக்கே திரும்பிப் போயின. மற்றவர்களுக்கு இது ஒரு சந்தோஷம். மைனாவ்ஸ்ரிக்கு உறுத்தியது.

மாசிப் பனி விலகிய ஒரு காலையில் அவர்கள் இருவரும் அந்த ஓரத்தில் கயிறு பிடித்து நடந்தார்கள். நான் கொஞ்சம் பின்னால் யானை மேல் இருந்தேன். ஒரு பெட்டைமான் குட்டியோடு சிவப்புத் துணியைத் தாண்டி வந்து, எங்களைக் கண்டு திரும்பி உள்ளே ஓடியது. அவள் நின்றாள்.

"லாவ்ரும், போன மாசம் ஆனக்கூட்டம் இதுக்குள்ள படுத்துக் கெடந்துச்சு இல்ல?"

"ஆமா அண்ணி."

"அத்தன ஆன மிதிச்சும் வெடிக்காத வெடி என்ன வெடி?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. வாங்க, வெயில் ஏறுது."

அவள் கயிற்றைக் கீழே போட்டாள். சிவப்புத் துணியைத் தாண்டிப் புல்லுக்குள் நடந்தாள். லாவ்ரும் "அண்ணி, வேணாம், நில்லுங்க" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினான். புல்லை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டு, அவளையும் முந்தி, குறுக்கே போய் மறித்துக்கொண்டு நின்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள்.

"வெடி இருக்குற எடத்துல தரையப் பாக்காம இப்படி யாரும் ஓடி வர மாட்டாங்க," என்றாள். "வெடி இல்லன்னு உனக்குத் தெரியும். வேற என்ன இருக்கு?"

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். நான் யானையை விட்டு இறங்கிப் போவதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அவரா?"

"ஆமா."

"நீயா?"

"நான் சுடல அண்ணி. குழி வெட்டினது நான். சேந்து அப்ப ஆறு மாசந்தான் ஆச்சு. வெட்டுன்னாங்க, வெட்டினேன்."

"சுட்டது யாரு?"

அவன் ஒரு பெயரைச் சொன்னான். "அவன் செத்துட்டான்," என்றான்.

"எல்லாரும் செத்தவன் பேரத்தான் சொல்றீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "என்ன தப்பு பண்ணாரு அவரு?"

"போலீஸ ஆறு தாண்டி ஏத்திவிட்டாருன்னு சொன்னாங்க. படகுல ஏறுனவங்கள எல்லாம் ஏத்தினேன், உங்களயும் ஏத்தினேனேன்னு அவர் சொன்னாரு. யாரும் கேக்கல."

"எதுக்குடா வெடின்னு சொன்ன?"

"நீங்க அடையாளத்துக்குக் குச்சி ஊனுவீங்க. அது அவர் மேல குத்திடக் கூடாதுன்னு நெனச்சேன்."

அவள் அவனை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீர்ப் பையை அவன் தோளிலிருந்து கழற்றி எடுத்தாள். எனக்குக் கொடுத்தாள். "எடத்தக் காட்டு," என்று மட்டும் சொன்னாள்.

போலீஸ் வந்துதான் தோண்டினார்கள். எலும்புகளை அவள் அடையாளம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ரப்பர் பூட்ஸைத்தான் சொன்னாள். குதிகாலில் சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டைப் போட்டவள் அவள்தான். பக்கத்திலேயே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். லாவ்ருமே காட்டினான். ஒருவர் பள்ளி வாத்தியார், இன்னொருவரை யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

பரிசோதனைக்குப் போன எலும்புகள் திரும்பக் கைக்கு வர மழைக்காலம் ஆகிவிட்டது. நோபின் அண்ணனுக்குக் கொள்ளி வைத்தான். மைனாவ்ஸ்ரி அழுததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது. முற்றத்தில் நாங்கள் சாமியாகக் கும்பிடும் சிஜௌச் செடிக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து, குரல் கட்டிப்போகும்வரை அழுதாள். மறுநாளிலிருந்து அவளைப் பெண்கள் விதவை என்று தெளிவாகவே அழைத்தார்கள். அது அவளுக்கு நிம்மதியாக இருந்ததென்று சொல்ல மாட்டேன்.

லாவ்ரும் மேல் கேஸ் எழுதினார்கள். பழைய கேஸ்களோடு அதுவும் கிடக்கிறது. நோபினும் வாத்தியாரின் மகன்களும் சந்தையில் வைத்து அவனை அடித்துப் பல்லை உடைத்தார்கள். அவன் தடுக்கவில்லை. முகாமில் அவனோடு கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் போனது. கேரளத்தில் பிளைவுட் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பினான். போகும் முன் அவள் வீட்டு வேலிக்கு வெளியே வந்து நின்றான்.

"போய்ட்டு வரேன் அண்ணி."

"போ," என்றாள். தறியிலிருந்து அவள் எழவில்லை. "அண்ணின்னு கூப்பிடாத."

குவாபாரியில் வெடி இல்லை என்ற செய்தி எலும்புகளுக்கு முன்பாகவே எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே மாடுகள் உள்ளே புகுந்தன. பின்னால் நாய்கள். கூரைப்புல் அறுக்க வண்டிகள் வந்தன. யாரோ நேரம் தப்பித் தீ வைத்தார்கள். குட்டிகள் ஓடத் தெரியாமல் படுத்துக்கிடக்கும் காலம் அது. கணக்கெடுக்கப் போனபோது அவளோடு கயிறு பிடித்தது நான். கரிக்குள் காய்ந்த பழைய புழுக்கைதான் கிடைத்தது. சைக்கிள் பிரேக் கம்பியில் செய்த சுருக்கில் ஒரு பெட்டைமான் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தை அறுத்து, தொடையை மட்டும் எடுத்துப் போயிருந்தார்கள்.

முகாமில் ஒருவன் அவள் காதுபடவே சொன்னான்: "அந்தப் பொம்பள அன்னிக்கு உள்ள போகாம இருந்திருந்தா மானாவது மிஞ்சியிருக்கும்."

நான் அவனோடு சண்டைக்குப் போனேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவன் சொல்றது பொய்யா? விடு," என்றாள். "வெடிய நம்பின ஊரு. நாம உள்ள போகாதன்னு சொன்னா கேக்குமா?"

குவாபாரியில் காவல் முகாம் ஒன்று வேண்டும் என்று ரேஞ்சரிடம் கேட்டாள். மழை முடியட்டும் என்றார். மழை முடிந்தது. அடுத்த மழையும் முடிந்தது. அவள் என்னையும் யானைப்பாகனையும் கூட்டிக்கொண்டு போய் மூங்கில் வெட்டி, ஆற்றுவளைவில் ஒரு பரண் கட்டினாள். பகலெல்லாம் அதில் உட்கார்ந்தாள். மாடு ஓட்டி வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவாள். சுருக்குகளை அறுத்துக் கொண்டுவந்து பரணில் தொங்கவிடுவாள். ஒருமுறை பரணின் கால்களை யாரோ ரம்பத்தால் அறுத்து வைத்திருந்தார்கள். ஏறினவள் பரணோடு விழுந்து இடுப்பெலும்பு பிசகி, தை மாதம் முழுக்கப் படுத்தாள்.

நோபின் ஒத்தடம் கொடுக்க மூலிகையோடு வந்தான். "அண்ணன் கெடச்சாச்சு, காரியமும் ஆச்சு. இன்னும் அந்தக் காட்டுல உனக்கு என்ன வேல?"

"வேலைக்குத்தான் போறேன்," என்றாள். "சம்பளம் தராங்க. கம்பி வச்சவன நான் இன்னும் பாக்கல."

எழுந்ததும் மறுபடி கட்டினோம். இந்தமுறை கல்தூண் போட்டோம்.

போன மாதம் ஊர்க்கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் வந்து, காடு முழுக்கப் பன்றிமான் கூடியிருக்கிறது என்று சொன்னார். அது உண்மைதான். கிழக்கு வெளிகளில் நாங்களே பார்க்கிறோம், விடியலில் கனைப்பும் கேட்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். மைனாவ்ஸ்ரியும் தட்டினாள்.

குவாபாரியில் இந்த வருஷம் ஓரமாக ஒரே ஒரு கிடாயின் தடம் பார்த்தோம். பெட்டையின் தடம் இல்லை. அவள் குனிந்து கையால் அந்தக் குளம்படியை அளந்தாள். பிறகு கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நட துவிமு, இன்னும் பாதி இருக்கு," என்றாள்.