இரண்டு மெத்தைக்கு நடுவே

அந்த மெத்தைக் கடையில் தூங்குவதற்காகவே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவள்தான். மற்றவர்களும் தூங்கினார்கள். ஆனால் அது முதலாளிக்குத் தெரியாமல்.

வாங்க வந்தவர் இதுவா அதுவா என்று தயங்கி நிற்கும்போது, அவள் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, மெத்தைமேல் ஒருக்களித்துப் படுத்து, கன்னத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, கண்ணை மூடுவாள். மூச்சு மெல்ல இறங்கும். உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வரும். பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தானாகக் கொட்டாவி வரும். கொட்டாவி விட்டவர் வெறுங்கையோடு திரும்பியது அபூர்வம். "மேடம் படுத்தா பில்லு எழுந்திரிச்சிடும்" என்பார் பேக்கிங் அண்ணன்.

அவள் அந்தக் கடைக்குப் பில் அடிக்கத்தான் வந்தாள். விற்பனையாளர் லீவு போட்ட ஒரு நாளில், "யாராவது படுத்துக் காட்டுங்களேன், குழி விழுதான்னு பார்க்கணும்" என்று ஓர் அம்மாள் பிடிவாதம் பிடித்தாள். கடையில் அப்போது இருந்தவர்கள் முதலாளியும் இவளும். முதலாளிக்கு முதுகுப் பிடிப்பு. மெத்தைக் கடை முதலாளிக்கு முதுகுப் பிடிப்பு என்பது வெளியே தெரியக்கூடாத செய்தி. ஆகவே இவள் படுத்தாள். அன்றிலிருந்து படுத்த இடத்திலேயே பதவி உயர்வு.

இப்படி ஊரையே தூங்க வைத்தவளுக்கு வீட்டில் பொட்டுத் தூக்கம் கிடையாது.

மகனும் மகளும் வேலை என்று ஆளுக்கொரு ஊர் போன பிறகு வந்த வினை இது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். பகலெல்லாம் இயந்திரத்தின் கிறீச்சொலியில் கிடப்பதால், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். தூங்கும்போதும் மூடியேதான் இருக்கும். குறட்டை இல்லை, புரளல் இல்லை. மடித்து வைத்த சட்டை மாதிரி காலை வரை அப்படியே கிடப்பார். ஊரில் மற்ற பெண்கள் குறட்டைக்காரக் கணவர்களைப் பற்றிப் புலம்பும்போது இவள் மட்டும் பெருமூச்சு விடுவாள். அவர்கள் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கடையில் ஊழியர் தள்ளுபடி உண்டு. ஸ்பிரிங், ஃபோம், ரப்பர் என்று மெத்தையை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றின்மேலும் வெவ்வேறு வசதியோடு விழித்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரர் பட்டினி என்றால் பரிதாபப்படுவார்கள். மெத்தை விற்பவள் தூங்கவில்லை என்றால் மெத்தையைத்தான் சந்தேகப்படுவார்கள்.

இந்த நிலைமையில்தான் அந்தக் குளறுபடி நடந்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடிக்குப் போக வேண்டிய பெரிய இரட்டை மெத்தையை, தனியாக வாழும் ரிட்டயர்டு சர்வேயர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவருடைய ஒற்றை மெத்தை ஜோடிக்குப் போயிற்று. ஜோடியிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. மாற்றித் தருகிறோம் என்று ஆள் போனபோது, "ஒண்ணும் அவசரமில்லைங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். சர்வேயர்தான் கடைக்கே வந்துவிட்டார்.

"நடுவுல படுத்தா எல்லை தெரியலைங்க" என்றார் கலங்கிய குரலில்.

முதலாளி அவளைத் தனியே கூப்பிட்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத் தூக்கம் ஜாஸ்தி. கண்ணைப் பார்த்தாலே தெரியுது. கொஞ்சம் குறைச்சுக்கங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா குடோன் பக்கம்தான் போடணும்."

குடோனில் மெத்தைகள்கூட நின்றுகொண்டுதான் இருக்கும். மனுஷர் படுப்பதற்கு வாய்ப்பே இல்லை.

கடைசியாக எங்கே நன்றாகத் தூங்கினோம் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். விடை சங்கடமாக இருந்தது. படிக்கிற காலத்தில், விடுதியின் பதினோராம் எண் அறையில். கட்டிலில் மூட்டைப்பூச்சி ஆட்சி செய்ததால், நான்கு பேரும் தரையில் இரண்டு பஞ்சு மெத்தைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார்கள். குளித்துவிட்டுக் கடைசியாக வருகிறவள் என்பதால் அவளுக்கு எப்போதும் கிடைத்தது இரண்டு மெத்தைக்கும் நடுவில் இருந்த பிளவு. முதுகெலும்புக்கு இதைவிடக் கெடுதலான இடம் கிடையாது என்று இப்போது தினமும் வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்கிறாள். அந்தப் பிளவில்தான் அப்போது பிணம் மாதிரி தூங்கினாள்.

அன்று மாலையே 'அறை பதினொன்று' என்ற கைப்பேசிக் குழுவில் எழுதினாள்: "பழைய மாதிரி ஒரு ராத்திரி நாலு பேரும் என் வீட்டுல ஒண்ணாத் தூங்கலாமா?"

முதலில் பதில் போட்டவள் ரேடியோ. விடுதியில் ஓயாமல் பேசியதால் வந்த பெயர். இப்போது நூலகத்தில் வேலை. 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்கு அடியிலேயே அவளுடைய நாற்காலி. வாரம் முழுக்கச் சேர்ந்த பேச்சு அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும். "தூங்கறதா? அதை அவங்கவங்க வீட்டுல பண்ணிக்கலாமே! விடிய விடியப் பேசறோம்!"

அடுத்தது அலாரம். விடுதியையே எழுப்பிவிட்டவள், இப்போது பள்ளித் தலைமையாசிரியை, எழுப்புவதற்கு அரசாங்கமே சம்பளம் தருகிறது. "மீசைச் சட்டம் உண்டுதானே?"

பல் டாக்டர் குண்டூசி கடைசியாக வந்தாள். அந்தக் காலத்து உடம்புக்கு வைத்த பெயர். உடம்பு மாறியும் பெயர் மாறவில்லை. "வர்றேன். தரையில படுத்தா என்னைத் தூக்கி விட ஆள் ஏற்பாடு பண்ணு."

மீசைச் சட்டம் என்பது பதினோராம் எண் அறையின் அரசியல் சாசனம். யார் முதலில் தூங்குகிறாளோ, அவளுக்குக் கண்மையால் மீசை வரையப்படும். அதிகமாக மீசை வாங்கியவள் இவள்தான். ஒருமுறை இருட்டில் தண்ணீர் குடிக்கப் போனவளைப் பார்த்து, பையன் எவனோ உள்ளே வந்துவிட்டான் என்று விடுதிக் காப்பாளர் அம்மா கட்டிலுக்கு அடியெல்லாம் தேடிய வரலாறு உண்டு.

ஆக, தூங்குவதற்காக இவள் கூட்டிய கூட்டம், யாரும் தூங்கக்கூடாது என்று தீர்மானம் போட்டது. உண்மைக் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூவரும் பரிதாபப்படுவார்கள். பரிதாபப்படுகிறவர்கள் கிசுகிசுவென்று பேசுவார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அவளுக்கே அப்போது தெரியாது.

தேதி முடிவாகவில்லை. எல்லாரும் ஓய்வாக இருக்கும் ராத்திரி ஒன்று உலகத்தில் இல்லை என்று தெரிந்தது. சரி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீக்கு வாருங்கள், நேரில் திட்டம் போடுவோம் என்றாள்.

வந்தார்கள். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி, இரண்டு மெத்தைகளைச் சேர்த்துப் போட்டு வைத்திருந்தாள். வரவேற்பறை என்ற பெயரில் இருந்த இடம் இப்போது முழுக்க மெத்தை. மிச்சம் இருந்தது டீ தட்டு வைக்கிற அளவு தரை.

"இதென்னடி கொக்கு, கடையையே கொண்டு வந்துட்டியா?" என்றாள் குண்டூசி. விடுதிக் குளியலறை வாசலில் ஒற்றைக் காலில் நின்று பல் தேய்த்ததால் இவளுக்கு அந்தப் பெயர்.

"யார் எங்க படுக்கறதுன்னு ஒத்திகை பார்த்துடலாம்னுதான்."

"நான் சுவர் ஓரம்" என்றாள் அலாரம்.

"அது என் இடம். நாலு வருஷமும் நான்தான் சுவர் ஓரம் படுத்தேன்" என்றாள் ரேடியோ.

"ரேடியோ, நீ ஜன்னல் ஓரம். மழை பெஞ்சா ஜன்னலைச் சாத்தாம 'அழகா இருக்குல்ல'ன்னு பேசிக்கிட்டே இருப்ப. நாங்க நனைவோம்."

"சுவர் பக்கம் சாஞ்சாதான் எனக்குப் பேச்சு வரும்!"

"அப்ப உன்னை நடுவுலதான் போடணும்."

குண்டூசி மெத்தையில் உட்கார முயன்று, பாதி வழியில் நின்று, அலாரத்தின் தோளைப் பிடித்து, ஒருவழியாகச் சரிந்தாள். சரிந்ததில் ஒரு பிஸ்கட் தட்டு அவளுக்கு அடியில் மறைந்தது. அதைப் பற்றி மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கொக்கு, தன் இடம் எது என்று காட்டுவதற்காக இரண்டு மெத்தைக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுத்தாள். கன்னத்துக்கு அடியில் கையைக் கொடுத்தாள். தலைக்கு மேல் சுவர் ஓரப் பிரச்சினை போய், ஃபேன் பிரச்சினை வந்தது. ஃபேன் வேண்டும் என்றது ஒரு குரல். காது அடைக்கும் என்றது இன்னொரு குரல். "உனக்குக் காது அடைச்சா நாங்க தப்பிச்சோம்" என்றது மூன்றாவது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

மற்றதெல்லாம் பிறகு மூவரும் சொன்னது.

"ஏய், தூங்கிட்டா பாரு!" என்றாளாம் குண்டூசி.

"தூங்கறதாவது! கடையில பண்ற வேலையை நம்மகிட்டயும் காட்டறா. எத்தனை பேரை ஏமாத்தின முகம் இது" என்றாள் ரேடியோ.

பொய்த் தூக்கமா மெய்த் தூக்கமா என்று தீர்ப்புச் சொல்லப் பதினோராம் எண் அறையில் ஒரே வழிதான் உண்டு. கண்மை யாரிடமும் இல்லை. அலாரத்தின் கைப்பையில் பள்ளிக்கூடத்து மார்க்கர் இருந்தது. இடது பக்க மீசை முடிந்தது; கொக்கு அசையவில்லை. வலது பக்கத்தை முறுக்கி விட்டார்கள்; அப்போதும் அசையவில்லை. நிஜத் தூக்கம்தான் என்று தெரிந்ததும் மூவருக்கும் ஏமாற்றமாகப் போயிற்று.

"பாவம், சத்தம் போடாதீங்க" என்று குண்டூசி கிசுகிசுத்தாள். கூடம் அமைதியானது.

உடனே கொக்கின் புருவம் சுருங்கியது. இமை துடித்தது. கை கன்னத்திலிருந்து நழுவியது.

"அய்யோ, முழிச்சுக்கறா!" என்று ரேடியோ அலறினாள். புருவம் தளர்ந்தது. மூச்சு மறுபடியும் இறங்கியது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோதனைக்காக மறுபடி வாயை மூடினார்கள். இமை துடித்தது. அலாரம் வகுப்பறைக் குரலில், "யாருடி பிஸ்கட்டை நசுக்கினது?" என்று கத்தினாள். கொக்கு லேசாகக் குறட்டை விட்டாள்.

அந்த நேரத்தில்தான் கணவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். மெத்தையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் தன் மனைவி மீசையோடு உறங்குவதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தூங்கறாளா?" என்றார்.

"ஆமாங்க. சத்தம் நின்னா எழுந்திரிச்சுடறா. என்ன பண்றதுன்னு தெரியல."

"அப்ப நிறுத்தாதீங்க." இவ்வளவு பேசியதே அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் தொடர்ந்தார். "பல மாசமாத் தூங்கலைங்க. நான் தூங்கிடறேன்னு அவ நினைச்சுக்கிட்டிருக்கா. தினம் காலையில அவ போர்வை மடிப்பே கலையாம இருக்கும். கேட்டா, 'சீக்கிரம் மடிச்சு வச்சுடற பழக்கம்'னு சொல்லுவா. கடையில வேற குடோனுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லியிருக்காங்களாம். பேக்கிங் அண்ணன் சொன்னாரு."

மூவருக்கும் சண்டை போடுவது பிறவிக் கலை. ஆனால் போட்டே ஆகவேண்டும் என்று வந்ததும் வார்த்தை வரவில்லை. கல்யாணத்துக்கு வராதது, வந்து சாப்பிடாமல் போனது என்று பழைய கணக்கெல்லாம் எடுத்தார்கள். அவை ஏற்கெனவே சமாதானமாகித் தொலைந்திருந்தன. ரேடியோவுக்குக்கூடப் பேச்சு வற்றியது. நூலகத்தில் யாராவது பார்த்திருந்தால் விழா எடுத்திருப்பார்கள். கடைசியில் அறைக்குப் பொதுவாக இருந்த பக்கெட்டின் நிறத்தில் வந்து நின்றார்கள்.

"நீலம்."

"சிவப்புடி! சிவப்புலதான் என் வெள்ளைச் சட்டை சாயம் ஏறிச்சு."

"பக்கெட்லேர்ந்து சாயம் ஏறுமாடி? டாக்டர்னு சொல்லிக்காத."

"நான் பல் டாக்டர், பக்கெட் டாக்டர் இல்ல!"

மூவரும் களைத்துப் போய் ஒரு கணம் மௌனம் விழ, இமை துடிக்க, வாசல் பக்கம் இருந்து ஓர் ஆண் குரல் எழுந்தது.

"பச்சை."

அந்தப் பக்கெட்டை அவர் ஜென்மத்தில் பார்த்ததில்லை. "பச்சைதான்" என்று குரலை உயர்த்தினார். "யார் வேணா வாங்க, பேசிக்கலாம்!"

மூன்று பெண்களும் அவர்மேல் பாய்ந்தார்கள். அதற்குப் பிறகு தடையே இல்லை.

இருட்டத் தொடங்கும் வேளையில் கொக்கு தானாக எழுந்தாள். சோம்பல் முறித்தாள். எதிரே நான்கு பேர் குரல் கம்மிப் போய், டீயால் தொண்டையை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

"திட்டம் முடிஞ்சுதா?" என்றாள்.

"இன்னும் இல்ல" என்றாள் அலாரம். கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. மார்க்கர் சோப்புக்கும் போகவில்லை, எண்ணெய்க்கும் போகவில்லை. குண்டூசி தன் பையிலிருந்து கிளினிக் மாஸ்க் ஒன்றை எடுத்து மரியாதையாக நீட்டினாள்.

திங்கட்கிழமை கடையில் அவள் மாஸ்க்கோடு இருந்தாள். காலையில் வந்த ஒரு தம்பதி, பெரிய மெத்தையா வேண்டாமா என்று இழுபறியில் இருந்தார்கள். முதலாளி கண்ஜாடை காட்டினார். அவள் படுத்தாள், கண்ணை மூடினாள். மாஸ்க் ஒரு பக்கமாக நழுவியது.

"ஏங்க, இந்த அம்மாவுக்கு மீசைங்க" என்றாள் அந்தப் பெண்.

முதலாளியின் முகத்தில் குடோன் தெரிந்தது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னாள். "நல்லாத் தூங்கினா போடற மீசைங்க இது. நேத்து வாங்கினேன். ஆனா மெத்தையில தூங்கலை. ரெண்டு மெத்தைக்கு நடுவுல தூங்கினேன்."

தம்பதி சிரித்தார்கள். கூடிப் பேசினார்கள். பிறகு ஒரு பெரிய மெத்தைக்குப் பதிலாக இரண்டு ஒற்றை மெத்தை வாங்கிப் போனார்கள். ஒன்றுக்கு இரண்டு விற்றவளைக் குடோனுக்கு அனுப்ப முதலாளிக்குப் பைத்தியம் இல்லை. மீசை அழிந்துவிடுமா என்று மட்டும் கொஞ்சம் கவலையோடு விசாரித்தார்.

கூடித் தூங்கும் அந்த ராத்திரிக்கு இன்னும் தேதி குறித்தபாடில்லை. அதைப் பற்றித் திட்டம் போட ஒவ்வொரு ஞாயிறும் மத்தியானம் கூடுகிறார்கள். கொக்கு நடுவில் படுத்தபடி கலந்துகொள்கிறாள். மற்ற நாட்களுக்குக் கணவர் பொறுப்பேற்றிருக்கிறார். அவருக்குச் சண்டையில் அனுபவம் போதாது. முதல் நாள், "நீ... உன் குடை நல்லாவே இல்ல" என்று ஆரம்பித்தார்; அவள் சிரித்த சிரிப்பில் இருந்த தூக்கமும் போயிற்று. இப்போது தேறிவிட்டார். விளக்கை அணைத்ததும், கூரையைப் பார்த்தபடி, கறாரான குரலில் தொடங்குகிறார்.

"பக்கெட் பச்சைதான்."

"நீலங்க."

"பச்சை."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணும்னு என்ன இருக்கு. பச்சை. பிடி மட்டும் வெள்ளை. அடியில ஒரு கீறல்."

பக்கத்தில் அவள் மூச்சு மெல்ல இறங்குகிறது. அவர் நிறுத்துவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம், யாரும் எதிர்க்காத அந்தப் பச்சைப் பக்கெட்டுக்காக, தனியாக வாதாடிக்கொண்டிருக்கிறார்.