மேல் லயத்துக்கு வந்த நல்ல பாம்பு

ஹட்டன் பக்கத்திலிருந்து தெஹியோவிட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். என் கொழுந்தன் மனைவி அங்கேயே றப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சிங்களம் சரளமாகப் பேசுவாள். அதுவே எனக்குப் பொறுக்காது. போதாததற்கு, மாசியிலிருந்து மழையே இல்லாத அந்த வருஷம், எங்கள் கீழ் லயத்து வரிசை வீடுகளின் குழாய் வற்றியபோது, மேல் லயத்தில் அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மலை ஊற்றுப் பீலியில் மட்டும் விரல் கனத்துக்குத் தண்ணீர் விழுந்தது.

"எதுக்குக்கா ஆத்துக்கு அலையிறீங்க? இங்க வந்து புடிச்சிக்கங்க" என்பாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அந்த நல்ல குணம் வேறு என் வயிற்றை எரித்தது. ஆற்றுக்கே நடந்தேன், அவள் பீலியில் ஒரு குடம் வைக்கவில்லை. பீலிக்கு மேலே மலை பாளம் பாளமாக வெடித்திருந்ததைப் பார்த்தபோது, இங்கேயும் காயட்டும் என்றுதான் நினைத்தேன்.

வைகாசியில் மழை பிடித்தது. முன்பெல்லாம் வெயிலுக்கு ஒரு காலம், மழைக்கு ஒரு காலம். அந்த வருஷம் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வந்தன. வெடித்த மண்ணுக்குள் இரண்டு நாள் விடாமல் தண்ணீர் இறங்கியது. மழையில் றப்பர் பால் வெட்டு இல்லாததால் சீனி வாங்கக் கடைக்குப் போனேன். கடை முதலாளி மேட்டைக் காட்டி, "உட லயிமட்ட நாய எனவா" என்றார். உடனே போய்க் கொழுந்தன் மனைவியிடம் சொல்லச் சொன்னார். என் அரைகுறைச் சிங்களத்துக்கு, மேல் லயத்துக்கு நல்ல பாம்பு வருகிறது என்று விளங்கியது.

தண்ணீர்தான் அவளுக்கு என்றால், நாகம்மாளும் அவள் வாசலுக்குத்தானா? நல்ல பாம்பு வந்த வீட்டில் பால் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். என் வீட்டுக்கு அட்டையைத் தவிர எதுவும் வந்ததில்லை. சொன்னால் அவளுக்குத் தலைகால் புரியாது என்று வாயை மூடிக்கொண்டு வந்து தேநீர் போட்டேன்.

மறுநாள் காலையில் மலை சரிந்து அவள் வீட்டின் பின்சுவரைத் தள்ளியது. குழந்தையைக் கொழுந்தன் சேற்றுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார். உயிர் இருந்தது. மூவரும் எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டுக்கே வந்தார்கள்.

மூன்றாம் நாள் கடைக்குப் போய்த் திரும்பியவள் குடையை மடக்காமலே கேட்டாள்.

"மண்ணு சரியும்னு முதலாளி ஒங்ககிட்ட சொல்லிவிட்டாராமே?"

அப்போதுதான் தெரிந்தது. 'நாய' என்றால் மண்சரிவாம். நல்ல பாம்புக்கு 'நயா'. நெடில் இடம் மாறுவதுதான் வித்தியாசம். சொல்வதற்கு ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு நிம்மதிகூட வந்தது.

"சத்தியமா நல்ல பாம்பு வருதுன்னுதான்டி நெனச்சேன்."

அவள் குடையை மடக்கிச் சுவரில் சாத்தினாள்.

"சரிக்கா, பாம்புன்னே நெனச்சீங்க. பச்சப்புள்ள தரையில படுக்குற வீடு. அதையாவது சொல்லியிருக்கலாமில்ல?"