ஊசி எட்டாத இடம்

பட்டறையில் அவருக்கு மைக்ரான் என்றுதான் பெயர்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பத்தோரு வருஷமாக லேத்தில் நின்று பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைகிறார். மயிரிழை பிசகினாலும் வெளியே அனுப்ப மாட்டார். "தோராயமா இருந்தாப் போதும்ணே" என்று எவனாவது சொல்லிவிட்டால், அன்றைக்கு முழுக்க அவனிடம் பேச்சே கிடையாது.

அந்த மனுஷனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு கூடுதலாக வந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோயாக இருக்கலாம், வெறும் வீக்கமாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். பின்பக்கமாக ஊசி விட்டுப் பன்னிரண்டு இடத்தில் துளி சதை எடுத்தார்கள். ஒன்றுமில்லை. எட்டு மாதத்தில் அளவு இன்னும் ஏறியது. மறுபடி பன்னிரண்டு ஊசி. மறுபடி ஒன்றுமில்லை. அந்தத் தடவை காய்ச்சல் கண்டு ஐந்து நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்.

"நோய் எங்க இருக்குன்னு தெரியாமலே எப்படி டாக்டர் குத்துறீங்க?"

"அல்ட்ராசவுண்ட்ல சுரப்பி தெரியும். உள்ள இருக்கிற கட்டி பல சமயம் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடலாம்."

"அதை முதல்லயே எடுத்திருக்கலாமே?"

"இருக்கிறது ஒரே மெஷின்." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வரிசை நீளம்."

ஐந்து மாதம் காத்திருந்து அந்த நாள் வந்தது. வெறும் வயிற்றோடு போனார். முதுகில் முடிச்சுப் போடுகிற அங்கியை மாட்டிக்கொண்டு, சோப்புத் தடவி மோதிரத்தைக் கழற்றினார். ஸ்கேன் எடுக்கும் பெண் பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

"இரும்பு வேலை ஏதாவது செய்யறீங்களா சார்? கண்ணுல துகள் பட்டிருக்கா?"

"பட்டிருக்கு. பத்து வருஷம் ஆச்சு. அப்பவே எடுத்துட்டாங்க."

"எதுக்கும் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே பாத்துடலாம்."

எக்ஸ்ரேயில் வலது கண் பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி. அவள் தலையாட்டினாள். "உள்ள இருக்கிறது பெரிய காந்தம். துகளை இழுத்துட்டா பார்வையே போயிடும். இன்னைக்கு முடியாது."

"போனாப் போகட்டும்மா. இன்னொரு கண்ணு இருக்குல்ல?"

"வாயைக் கழுவுங்க," என்றாள் அவர் மனைவி. பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள், சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவள். நேரே கவுண்ட்டருக்குப் போனாள். "இந்த ஒரு கேள்வியை அஞ்சு மாசம் முன்னாடியே கேட்டிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"பாரத்துலயே இருக்கும்மா. ரெண்டாம் பக்கம்."

அவள் ஃபைலைப் பிரித்து ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தாள். ரெண்டாம் பக்கத்தை அவர்களுக்கு யாரும் கொடுக்கவே இல்லை. கவுண்ட்டர்க்காரர் அந்தத் தாள்களைப் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றார்.

கண் டாக்டரிடம் போனார்கள். துகள் கண்ணுக்குள் இல்லை, இமைத் தோலுக்கு அடியில் இருந்தது. பத்தே நிமிஷத்தில் எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். கசகசாவில் பாதி கூட இல்லை. ஆனால் ஸ்கேன் வரிசையில் அவர் கடைசிக்குப் போய்விட்டார். இன்னும் ஒன்பது வாரம். மனைவி தினமும் காலையில் போய், பட்டன் தைக்கும் வேலையோடு கவுண்ட்டர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளை அங்கிருந்து கிளப்பினால் போதும் என்று ஆகியிருக்க வேண்டும். பதினோராம் நாள் யாரோ வராமல் போக, அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் டாக்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். சுரப்பியின் முன்பகுதியில் கறுப்பாக ஒரு திட்டு.

"பின்னாலிருந்து போன ஊசி இவ்வளவு முன்னால எட்டியிருக்காது."

"எத்தனை மில்லிமீட்டர்?"

"பதினாலு."

இந்தத் தடவை ஸ்கேன் படத்தை வைத்துக் குறி பார்த்து மூன்றே ஊசி. மூன்றிலும் புற்றுநோய். சுரப்பியை விட்டு வெளியே பரவவில்லை, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

"முதல் தடவை ஊசி போட்டப்ப இது எவ்வளவு இருந்திருக்கும்?" என்று கேட்டாள் மனைவி.

"அதைச் சொல்ல முடியாதும்மா."

அவர் எழுந்து விறுவிறுவென்று பஸ் நிறுத்தம்வரை நடந்துவிட்டார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த மனைவியிடம், "யாரைத் திட்டுறதுன்னே தெரியலையே," என்றார். "ஒவ்வொருத்தனும் அவனவன் வேலையைச் சரியாத்தான் செஞ்சேங்கிறான்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பி.எஸ்.ஏ. இறங்கிவிட்டது. பத்து வாரம் கழித்து அரை நாள் வேலைக்குப் போகத் தொடங்கினார். ஆனால் தும்மினால், குனிந்து எதையாவது தூக்கினால், சிறுநீர் கசிந்தது. போகப் போகச் சரியாகும் என்றார்கள். எத்தனை நாளில் என்று யாரும் சொல்லவில்லை. பையில் மாற்று வேட்டி, ஓட்டுச் சீட்டு மாதிரி மடித்த, கசிவை உறிஞ்சும் பேட். யார் கண்ணிலும் படாமல் மாற்றிக்கொள்ளப் பட்டறையில் ஒரு மறைவு கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் பார்க்க வந்தார். "உசிரு மிஞ்சிச்சேன்னு சந்தோஷப்படுங்க மாப்பிள்ளை."

"சந்தோஷமாத்தான் இருக்கேன். கோபமும் இருக்கு. ரெண்டும் இருக்கக் கூடாதா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் தையல் மெஷினை நிறுத்தவில்லை. "விடுங்கண்ணா," என்றாள். "அவரு கேக்கறதுல என்ன தப்பு?"